அரை டிகிரி

பணியிலிருந்து எடுக்கப்போகிற வெப்பமானியை
எதற்கு இன்னொரு தடவை சரிபார்க்கிறீர்கள்
என்று கேட்கிறார் கிடங்குக்காரர்.
தூக்கிப் போடத்தானே போகிறீர்கள்.

தூக்கிப் போடத்தான்.
ஆனால் இருபத்திரண்டு குளிர்காலம்
இது சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம்.
கிளம்புகிற ஆளிடம்
சாவியை மட்டும் வாங்கிக்கொண்டால் போதுமா?

எத்தனால் தொட்டியில் இறக்குகிறேன்,
பக்கத்தில் என் பிளாட்டினத் தண்டு.
மைனஸ் பத்து. இருபது நிமிடம் காத்திருப்பு.
மைனஸ் இருபது. மதியச் சாப்பாடு.
மைனஸ் ஐம்பதுக்கு வரும்போது
வந்தா நகரத்து ஜன்னலில் இருட்டிவிட்டது.

குழலின் உச்சியில்,
லென்ஸ் வைத்தால் மட்டும் தெரிகிற கடுகளவு சிவப்பு.
ஆவியாய் ஏறி, இறங்காமல் நின்றுவிட்ட சாராயம்.
கீழே அந்த அளவு குட்டையான தண்டு
உள்ளதைவிட அதிகக் குளிர் என்று சொல்லிவந்திருக்கிறது,
அரை டிகிரி.

எந்த இரவில் ஏறியது? கண்ணாடி சொல்லாது.
ஆகவே பிழையை எல்லா ஆண்டுகளுக்கும் பரப்பிப் போடுகிறோம்,
கடனைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்வதுபோல;
கடைசியில் பிறந்ததற்குக் கூடுதல் பங்கு.

பதினாறாவது குளிர்காலத்தில்தான்
கெல்லோவாராவின் அந்த ஜனவரி.
மைனஸ் ஐம்பது புள்ளி ஒன்று.
பெட்ரோல் நிலையத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்.
காபிக் கோப்பையில் அச்சடித்து விற்கிறார்கள்,
எனக்கு வந்ததில் பேனாக்கள் நிற்கின்றன.

இப்போது நாற்பத்தொன்பது புள்ளி ஏழு.

தொலைபேசியில் ரெய்யோ லாம்பேலா.
பள்ளி டாக்ஸி ஓட்டுகிறவர்,
தினமும் காலை எட்டுக்கு இதை வாசித்தவர்.
சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
இந்த நாட்டில் அதற்குக் கோபம் என்று பொருளில்லை.

பிறகு சொன்னார்:
அன்றைக்கு டயர் நான்கும் சதுரமாக உறைந்திருந்தன.
மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
தடக் தடக்கென்று பள்ளிவரை போனேன்.
அதையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம், படிவத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.

கோப்பை இன்னும் இருநூறு கிடக்கிறது,
தள்ளுபடியில் போடச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

சான்றிதழில்
‘அடுத்த சரிபார்ப்பு நாள்’ என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுக்கிறேன்.

என் பிளாட்டினத் தண்டு ஏப்ரலில் ஜெர்மனிக்குப் போகிறது.
அங்கே இன்னொருத்தி அதைக் குளிரில் இறக்குவாள்.
அவளுடைய எண் வந்ததும்
இன்று நான் எழுதியது கொஞ்சம் நகரலாம்,
மேலேயோ, கீழேயோ.

ரெய்யோவிடம் அதைச் சொல்லவில்லை.