சுவருக்குள் வண்டு

டிசம்பரில் உர்மத் வீடு எரிந்தபோது
தீயணைப்பு வண்டி வந்தது,
குழாய்க்குள் தண்ணீர் உறைந்திருந்தது.
பனியை வாளியில் அள்ளி வீசினோம்.
விடிந்தபோது நின்றவை
ஓர் அடுப்பு, ஓர் இரும்புக் கட்டில்.

நான் வீட்டுக்கு வந்து
என் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
ஸ்விட்சுக்கு மேலே கையகல இடத்தில்
மாவு பொங்கிவரும் சட்டிபோல் வெதுவெதுப்பு.
அன்று மைனஸ் முப்பத்தொன்று.
நாரினில் வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தாலும்
யாரும் சந்தேகப்படுவதில்லை.

எசென் வந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே,
பையில் டெஸ்டரும் பாதி ரொட்டியும்.
முதலில் ஆட்டைப் பார்த்தான்.
ஆடு என்று எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு:
கல்நார்க் குழாய்மேல் சுருள்கம்பி சுற்றி
நாலு இரும்புக்கால் வைத்தது.
புல் கேட்காது. கரண்டை மேயும்.
ராத்திரி முழுக்க விலா சிவந்து
பிள்ளைகளின் கட்டிலருகே நிற்கும்.
"இதை அறுத்துவிடு, அக்கா" என்றான்.

பிறகு பீங்கான் ஃபியூஸைத் திருகி எடுத்தான்.
உள்ளே வண்டு.
அதுவும் எங்கள் வழக்குதான்.
எரிந்த இழையின் இடத்தில்
கைக்குக் கிடைத்த கம்பியைச் செருகினால்
அதற்கு அந்தப் பெயர்.
செப்புக்கம்பி, மூன்று சுற்று,
விரலில் குத்தாதபடி
முனையை உள்ளே மடித்திருந்தது.
அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.
என் பூட்ஸ் வார் அறுந்தபோதும்
அப்படித்தான் முடிந்து கொடுத்தான்.

மாஸ்கோவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் கான்கிரீட் கலவை சுற்றும் சத்தம்.
"நீ வைத்ததா?"
"கிளம்பிய ராத்திரி.
அடிக்கடி ஃபியூஸ் போகுதே,
நீ இருட்டில் நிற்கக் கூடாதுன்னு."

இரண்டு குளிர்காலம்
அந்த அன்பு சுவருக்குள் கொதித்திருக்கிறது.
திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
"சாப்பிட்டாயா" என்று வந்தது.
பிறகு திட்டினேன்.

இரண்டு செம்மறிகளை விற்றேன், நாலுகால் உள்ளவை.
பழைய அலுமினியம் வெளியே வந்தது,
வளைத்த இடமெல்லாம் ஒடிந்து,
உறை வெங்காயச் சருகாக உதிர்ந்து.
உள்ளே போனது மூன்று கம்பிச் செம்பு.
பச்சையும் மஞ்சளுமாய் இருந்ததைக் காட்டி
இது எதற்கு என்றேன்.
"மண்ணுக்கு."

மண்ணோ கல்லாய்க் கிடந்தது.
எர்த் கம்பியின் தலையில் அடித்தால்
சம்மட்டி துள்ளித் திரும்பியது.
எருவும் கரியும் குவித்து
வாசலில் தரைமேல் தீ மூட்டினோம்,
ஒன்றரை நாள் அணையவிடாமல்.
சவக்குழி வெட்டத்தான் குளிர்காலத்தில்
இங்கே மண்ணை அப்படி இளக்குவார்கள்.
தெருமுனையிலிருந்தே தொப்பியைக் கழற்றிக்கொண்டு
ஒருவர் வந்தார்: "யார் போனது?"
"யாரும் போகாமல் இருக்கத்தான்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

முதல் ராத்திரி
புது ரேடியேட்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி,
பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டேன்.
டக்.
இருட்டு.
பெட்டியில் குட்டி நெம்புகோல் ஒன்று தலைகுப்புறக் கிடந்தது.
எசெனின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன்.
ஐதை கேட்டாள்: "அம்மா, கெட்டுப்போச்சா?"

பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று.
"இல்லடி. வேலை செய்யுது."

இஸ்திரியைப் பிடுங்கினேன். நெம்புகோலை ஏற்றினேன்.
கசங்கிய சட்டையோடு பள்ளிக்குப் போகட்டும்.

வண்டு என் பித்தான் டப்பாவில் இருக்கிறது.
மே மாதம் அவன் வந்ததும்
கையில் வைத்துக் கொடுப்பேன்,
என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

தூங்கப் போகுமுன்
ஸ்விட்சுக்கு மேலே கை வைத்தேன்.
குளிர்ந்திருந்தது சுவர்.
நன்றாகவே குளிர்ந்திருந்தது.