ஈரத்தடம்

ஹச்சினோஹேயில் குளியல்கூடங்கள்
விடியுமுன்பே கதவு திறந்துவிடும்.
இரவு வேலை முடிந்து
கானாங்கெளுத்தி வாடையைத் தேய்த்துக் கழுவி
மண்பாயில் கால் வைத்தேன்.
மினேகோதான் முதலில் சிரித்தாள்:
"இதென்ன சுனேயோ, பாதமா ரொட்டியா?"

அவள் தடத்தின் நடுவில் ஒரு வளைகுடா.
என் தடத்தில் குதிகால் தொடங்கி விரல்வரை
ஒரே ஈரம், கரையே இல்லை.
பாய் அதைக் குடித்து முடிக்கும்வரை
துண்டைச் சுற்றிக்கொண்டு
இருவரும் பார்த்தபடி நின்றோம்.

இருபத்தாறு வருடம்
நனைந்த சிமெண்டுத் தரையில் நின்று
மீன் பிளந்தவள் நான்.
ரப்பர் பூட்ஸின் உள்விளிம்புதான் எப்போதும் முதலில் தேயும்.
மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டினேன்.
முட்டி வலித்தபோது பனிக்காலத்தைத் திட்டினேன்.
இடுப்பு பிடித்துக்கொண்டது, மெத்தையை மாற்றினேன்.
முதுகுக்கு நாள்தோறும் ஒரு மருந்துப்பட்டை.
படுக்கையிலிருந்து இறங்கும் முதல் அடி
ஆணிமேல் வைத்ததுபோல் குத்தும்.
அப்போதும் குனிந்து
காலை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நகாய் என்ற பிசியோதெரபிஸ்ட்
என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.
பின்னாலிருந்து பார்த்தால் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு
தெரியலாமாம்.
என் வலதுகாலில் நான்கு விரல்கள்
வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தன.
ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள் என்றார்.
இடது எழுந்தது.
வலது யோசித்தது.
சுவரைப் பிடித்தும் யோசித்துக்கொண்டே இருந்தது.

கணுக்காலின் உள்பக்கமாக இறங்கும் ஒரு தசைநார்
இந்த வளைவை இத்தனை நாள் தூக்கிப் பிடித்திருந்ததாம்.
அது தளர, பாதம் உள்ளே சாய,
கீழ்க்கால் திரும்ப, முட்டி முட்டியைப் பார்க்க,
இடுப்பு ஈடுகொடுத்து ஈடுகொடுத்து
முதுகில் கொண்டுபோய்க் கடனை எழுதிவிட்டது.

எனக்கு மீன்பெட்டி அடுக்கு ஞாபகம் வந்தது.
அடிப்பெட்டி சரிந்திருக்க
மேல்பெட்டியைக் குறை சொல்பவனை
நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

"அறுக்கவேண்டுமா?" என்றேன்.
"மீன் வெட்டுகிறவர்கள் எல்லோரும்
முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார்.

நுரைப்பெட்டியில் காலை அழுத்தினேன்,
புதுப்பனியில் இறங்கும் அதே சத்தம்.
அந்தப் பள்ளத்தை வைத்து
பூட்ஸுக்குள் போட ஒரு உள்தளம் செய்து தந்தார்கள்.
முதல் நாள் ஒரு மணிநேரம் போதும், அடுத்த நாள் இரண்டு.
மீன்தலையை மிதித்துக்கொண்டே நிற்பதுபோல் இருந்தது.
ஒன்பதாம் நாள் அதை மறந்தேன்.
மறந்தேன் என்பது மாலையில்தான் தெரிந்தது.

சோறு வேகும் நேரத்தில்
சுவரில் கையூன்றி கெண்டைக்காலை நீட்டுகிறேன்.
விரலை மடக்காமல் பாதத்தை மட்டும் சுருக்கவேண்டும்,
இதுதான் கடினம்.
காதை அசைக்கச் சொல்வது போல.
எய்கிச்சி தானும் செய்து பார்த்து
தசை பிடித்து
அரைமணி நேரம் என்னையே வைதார்.

வேலையிடத்தில் தடித்த ரப்பர் விரிப்பு கேட்டேன்.
மேலாளர் அடுத்த வருடம் என்றார்.
நானே வாங்கிவந்து போட்டேன்.
இரண்டு நாளில் மினேகோவின் ஒரு கால்
அதன் ஓரத்தில் ஏறியிருந்தது.
நான் பார்க்காததுபோல் கொஞ்சம் நகர்ந்தேன்.

போன வளைவு இனித் திரும்பாது,
நகாய் அதை மறைக்கவில்லை.
வலி குறையும், சாய்வு இதோடு நிற்கலாம், என்றார்.
'லாம்' என்ற அந்த விகுதியோடுதான்
இப்போது நடந்துகொண்டிருக்கிறேன்.

இன்று விடிகாலை, அதே மண்பாய்.
"இன்னும் ரொட்டிதான்" என்றாள் மினேகோ.
செருப்புப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு
வலதுகாலில் மட்டும் நின்றேன்.
குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே
பெட்டியின் மரச்சாவி நுழையுமளவு காற்று.
அவள் குனிந்து
சாவியை நுழைத்தே பார்த்தாள்.