மூன்று வினாடி

வார்சாவிலிருந்து படம் எடுக்க வந்தார்கள்.
எனக்குப் பத்தொன்பது.
கிடினியா துறைமுகத்தில் கூட்டத்தோடு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.
கூலி, மதியச் சூப்பும் வீடு திரும்ப பஸ் காசும்.
மூட்டையை அவிழ்த்து
தலையில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள்.

கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கும்போது
அவன் தோளுக்குப் பின்னால்
மின்கம்பி பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகிறவள்
நான்.
மூன்று வினாடி.

அது வீடியோ கேசட்டாக வந்தபோது
எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம்.
மீன் கிடங்கில் கணக்கெழுதிய சம்பளத்தில்
முதலில் பிளேயர் வாங்கினேன்,
துவைக்கும் இயந்திரம் அப்புறம்.
யார் வந்தாலும் தேநீர் ஆறுவதற்குள்
நாடா அந்த இடத்துக்கு வந்துவிடும்.
"இதோ, நான்."
அவர்கள் கண்டது சிவப்பாக ஒரு கசிவு.
"அதே நடை" என்றாள் நாத்தனார்.
நிறுத்தி, சுற்றி, மறுபடி நிறுத்தி
நாடாவில் முதலில் தேய்ந்தது
அந்த மூன்று வினாடிதான்.
என் மேல் பனி பெய்யத் தொடங்கியது,
கதை நடப்பதோ ஜூலையில்.

பிறகு டிவிடி.
பின்னால் சுற்றும் வேலை இல்லை,
ஏழாம் அத்தியாயத்தை அழுத்தினால் போதும்.
கசிவுக்கு ஒரு தாடை முளைத்தது.
கையில் ஒரு பை.
பை வைத்திருந்தேனா?
வைத்திருந்திருப்பேன்.
ஞாபகத்தில் ஒரு பையைத் தைத்துக்கொண்டேன்,
பித்தளைக் கொக்கி வைத்து.

ஐம்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு
மகன் புளூ-ரே கொண்டுவந்தான்.
மூல நெகட்டிவைக் கழுவித் துடைத்ததாம்.
"சிவப்பு ஒளி கோணி ஊசி அம்மா,
நீலம் பூத்தையல் ஊசி.
அதே அகலத் தட்டில்
ஐந்து மடங்கு தைக்கலாம்."

தைத்திருந்தார்கள்.
கதாநாயகனின் நகக்கண்ணில் அழுக்கு.
பஸ்ஸின் நெற்றியில் தட எண்.
இறங்குகிறவளின் இடது கன்னத்தில்
மிளகளவு மச்சம்.

எனக்கு மச்சம் கிடையாது.

மருமகள் அவசரமாகக் கேக் வெட்டினாள்.
சிவப்புத் துணியின் சாயம் வெளுத்துவிட்டது,
முப்பது வருஷம் கழித்து, அதுவும் என் செலவில் வாங்கிய டிவியில்.
"மச்சம் பின்னாடி மறைஞ்சிருக்கும்" என்றான் வாட்ஸ்வாஃப்,
இருபத்தொன்பது வருஷம்
இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன்.

மூட்டையில் துணி ஒன்றா இருந்தது?
பதினொரு பெண்கள், பதினொரு சிவப்பு.
அது இர்மினா. டப்பா மீன் தொழிற்சாலை.
அடுத்த கோடையில் சுவீடனுக்குக் கப்பலேறினாள்.
அங்கே ஏதோ ஓர் அறையில்
அவளிடமும் தேய்ந்த நாடா ஒன்று இருக்கலாம்,
வேறு யாருடைய முதுகையாவது காட்டி
"இதோ, நான்" என்று
சொல்லிக்கொண்டிருக்கலாம்.

எல்லோரும் தூங்கிய பின்
ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன்.
ஒன்பதாம் அத்தியாயம்.
மழைக் காட்சி. பஸ்ஸுக்குள், கடைசி இருக்கையில்
ஜன்னல் கண்ணாடியில் யாரோ விட்ட மூச்சு
ஆவியாய்ப் படிந்திருக்க
அதன் பின்னால் கொஞ்சம் சிவப்பு.

பெரிதாக்கினேன். ஆவிதான் பெரிதானது.
இந்த ஊசி அதற்குள் போகவில்லை.

மகனிடம் சொல்லவில்லை.
அடுத்த தட்டு வரும்வரை
அது நான்.