பகுதி நான்கு, கேள்வி ஏழு

நிகழ்ந்த இழப்பை எண்ணால் குறிப்பிடுக
என்கிறது படிவம்.
கட்டத்துக்குள் சொல்லை இட்டால்
ஓரம் சிவந்து முறைக்கிறது.

இரவு இரண்டு பத்து. நீதிமன்றத்தின் நிலவறை.
வடக்கு டகோட்டாவின் பனி மேலே எங்கோ
ஜன்னலில்லாத எங்களுக்குத் தெரியாமல் பெய்கிறது.
மூன்று நாற்காலி, கிளென்னாவும் நானும்.
மாவட்டத்தில் மானியம் கேட்டு எழுதத் தெரிந்தவர் இல்லை.
"ஆர்டிஸ், நீதான் வேகமா டைப் பண்ணுவே"
என்றார் ஷெரிஃப், காப்பி போடச் சொல்வதுபோல.

எண் இருக்கிறது.
அக்டோபரில் மூன்று இரவு. எழுபத்தொரு மணி நேரம்.
திரைகள் ஒன்றாக இருண்டன,
ஒரு கடிதம் மட்டும் வெளிச்சமாய்:
அன்புள்ள நிர்வாகிக்கு, என்று மரியாதையாக.
எங்களால் கட்டக்கூடிய தொகையைத்தான் கேட்டிருந்தான்.
பட்ஜெட்டைப் படித்திருக்கிறான்.
எங்கள் ஆணையர்கள்கூடப் படித்ததில்லை.

தொலைபேசி பிழைத்திருந்தது.
மணி அடிக்கும். எங்கிருந்து என்று சொல்லாது.
சுவரில் தீயணைப்புச் சங்கம் எப்போதோ அச்சிட்ட வரைபடம்,
அதில் இல்லாத சாலைகளுக்கு கிளென்னாவின் பென்சில்.

இரண்டாம் இரவு, மெர்ல் ஓஸ்ட்லி.
மனைவி எழவில்லை, மூச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது.
முகவரி?
ஐம்பது வருடம் குடியிருந்த வீட்டின் எண்
அவர் வாயில் வரவில்லை.
எங்க வீடு, என்றார். எங்க வீடுதாம்மா.
பின்னால் மக்காச்சோளம் உலர்த்தும் விசிறியின் உறுமல்.
அதற்கும் பின்னால் சரக்கு ரயில்:
நெடிலாய் இரண்டு, குறிலாய் ஒன்று, மறுபடி நெடில்.
கிராசிங்குக்கு ஊதுகிறது.
கிளென்னா ரயில்வேக்காரர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள்,
அந்த நிமிடம் எந்த மைல்கல் என்று கேட்டாள்,
பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.
வட்டத்துக்குள் உலர்த்தி வைத்திருக்கும் வீடு ஒன்றுதான்.

ஆம்புலன்ஸ் போய்ச் சேரப் பதினேழு நிமிடம்.
வழக்கமாக ஒன்பது.
எட்டு, என்று கட்டத்தில் இடுகிறேன்.
சிவக்கவில்லை.

லவோன் பிழைத்தாள்.
இப்போது மெர்லை அவள் அண்ணன் பேர் சொல்லி அழைக்கிறாள்.
எட்டில் எத்தனை நிமிடம் அந்தப் பேருக்கு என்று
மருத்துவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

மணி அடிக்கிறது.
நெடுஞ்சாலையில் பனிமேட்டில் மூக்கைப் புதைத்த லாரி.
ஓட்டுநர் பையன், குரலே நடுங்குகிறது.
புகைக்குழாயை மூடியிருக்கிறதா பார்.
பார்த்தாயா?
சரி, பேசிக்கொண்டே இரு.
அவன் நாயின் பேர், நாயின் தாயின் பேர் வரை பேசினோம்
பனி தள்ளும் வண்டியின் விளக்கு
அவன் கண்ணாடியில் மஞ்சளாகும்வரை.

திரும்பினால்,
இருபது நிமிடம் அசைவில்லாததால்
பாதுகாப்புக் கருதி வெளியேற்றப்பட்டீர்கள்
என்கிறது படிவம்.
எதுவும் சேமிக்கப்படவில்லை.
கிளென்னா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர
வியாழக்கிழமை ஆனது.

ஏப்ரலில் பணம் வந்தது, கேட்டதில் பாதிக்குச் சற்று மேல்.
ஐந்தில் ஒரு பங்கு நாங்கள் போட வேண்டும்;
அதற்காக ஒரு ரோந்துக் கார் இன்னொரு வருடம் இருமும்.
பள்ளிக்கூடத்துப் பிரிண்டர்களையும் பார்த்துக்கொள்ளும் டேரின்
ஒரு கறுப்புப் பெட்டியைத் திருகி மாட்டினான்.
பச்சை விளக்கு. அவ்வளவுதான் வெளியே தெரிவது.
வேறொரு ஊரில் எங்கள் தரவின் இரட்டை தூங்குகிறதாம்.
பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லை
யாரும் மானிட்டரில் ஒட்டக் கூடாது.
புது வரைபடம் அச்சிடவும் கேட்டிருந்தேன்,
இரண்டு டஜன் பென்சிலோடு.
தகுதியற்ற செலவு, என்று கோடு போட்டு அனுப்பினார்கள்.
கோடு பென்சிலில்தான் போட்டிருந்தார்கள்.

மே மாதம் ஒரு பகலில் மெர்லின் எண் ஒளிர்ந்தது,
திரையில் அவர் வீடு நீலப் புள்ளியாய்.
ஹலோகூடச் சொல்லவில்லை.
வீட்டு எண், சாலை, திசை, கிராசிங்கிலிருந்து எத்தனை மைல்,
மூச்சு விடாமல் ஒப்பித்தார்.
என்ன ஆச்சு, யாருக்கு, என்றேன்.

ஒண்ணுமில்லை, என்றார்.
சொல்லிப் பார்த்தேன்.