ஆறும்வரை

போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தேன்:
நான் வந்து சேரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள்.
சரி என்றார் ஐசக் டாலன்டைர்.

ஆல்ஸ்டனுக்கும் மேலே, சாலை முடிந்தபின் வீடு.
பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு மைல் மழையில் நடந்து
பெயரைச் சொல்லுமுன்
பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சுட்டது.

என் பிழைப்பே அதுதான்.
ஜனவரி பிறந்தால் பண்ணை பண்ணையாய்ப் போய்
ஆடுகளின் அடிவயிற்றில் கருவியை அழுத்தித்
திரையில் தெரியும் குட்டிகளை எண்ணுகிறவள்.
ஒற்றைக்கு நீலக் கோடு.
இரட்டைக்குக் கோடு வேண்டாம்.
வெறும் வயிற்றுக்குச் சிவப்பு.
ஒரு நாளைக்கு எண்ணூறு வயிறு.
ஆடு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

"விடியக்காலையில் கொஞ்சம்..." என்று இழுத்தார்.
"ஆறட்டும்" என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
"டீசல். இத்தனை இரும்பு. மூன்று மணி நேரமாவது ஆகும்."

திரும்பிப் போக எனக்கு
வியாழன்வரை பஸ் இல்லையென்று அவருக்குத் தெரியும்.
தெரியுமென்று எனக்கும் தெரியும்.

டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டார்.
அதையே கூரையாக்கி
அந்த நீள வோல்வோவின் வால்புறத்தில்
இருவரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம்.
ஃபிளாஸ்கில் தேநீர். சர்க்கரை கேட்காமலே கலந்தது.
மழை தகரத்தில் பேசியது. நாங்கள் அதிகம் பேசவில்லை.

"இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் மைல்" என்றார் ஒருமுறை,
"நேராக ஓட்டியிருந்தால் நிலாவை எட்டியிருக்கும்."
"நிலாவில் சாலைக்கு உப்புப் போடமாட்டார்கள்" என்றேன்,
கதவுக்கடியில் துரு தின்ற இடத்தைக் குதிகாலால் தட்டி.
பொருபொருவென்று உதிர்ந்தது.
சிரித்தார். விலையில் ஐம்பது பவுண்டு குறைந்ததைச்
சிரித்து முடித்தபின்தான் உணர்ந்தார்.

பின்னிருக்கையை மடக்கி எதையெல்லாம் ஏற்றியிருக்கிறார்:
தேவாலயம் வேண்டாமென்ற ஒரு ஹார்மோனியம்,
பனியில் பிறந்த கன்று,
ஏணியிலிருந்து விழுந்த தம்பி.
தம்பியை நீட்டிப் படுக்கவைத்து கார்லைல்வரை,
வழியெல்லாம் அவன்
க்ளட்ச்சை மெதுவாக விடு, மெதுவாக விடு என்று
திட்டிக்கொண்டே வந்தானாம்.
"அதே க்ளட்ச்தான். இன்னும் மாற்றவில்லை."
பெருமையா ஒப்புதலா, பிரித்தறிய முடியவில்லை.

பதினொன்று நாற்பது.
பானட்டில் மறுபடி கை.
ஓடைக் கல்லாய் ஆறியிருந்தது.

சாவியைப் பாதி திருகினேன்.
அந்தச் சுருட்டை விளக்கு ஆரஞ்சாய் எரிந்து அணைந்தது.
முதல் முறை முனகல்.
இரண்டாம் முறை ஒரு இருமல், பிறகு ஒன்றுமில்லை.
மூன்றாவதில் வண்டி முழுக்க உலுக்கிப் பிடித்துக்கொண்டது.
வெண்புகை கல்சுவரை மூடியது.
சுவருக்கு அப்பால் நாலைந்து ஆடுகள்
மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.
பழக்கதோஷம், எண்ணினேன்: இரட்டை, இரட்டை, ஒற்றை.

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"மூன்றாம் சிலிண்டரின் க்ளோ பிளக். அக்டோபரிலிருந்தே."
"போனில் சொல்லியிருக்கலாமே."
"சொன்னால் வந்திருப்பாயா?"
"வந்திருப்பேன்,
பன்னிரண்டு பவுண்டு பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு."

தொள்ளாயிரத்து இருபது கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கி மழைக்கோட்டுக்குள் திணித்தார்.
நாய் முடியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஹார்ட்சைடு வளைவுகளில் இறங்கும்போது
மூன்றாம் கியரில் லேசான ஒரு சிணுங்கல்.
அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பெட்ரோல் பங்க்கில் கிளவ் பெட்டியைத் திறந்தேன்.
பென்சில் சொருகிய நோட்டு.
பதினாறு வருடம், ஒவ்வொரு டேங்க்கும்,
தேதி, லிட்டர், மைல்.
அக்டோபரிலிருந்து ஓரத்தில் இன்னொரு பத்தி:
இரண்டாம் முறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.
கடைசி வரி அன்றைக்குத்தான்:
காலை 7.50. மூன்றாம் முறை.

வாயால் ஒளித்ததை
கை எழுதிவைத்திருந்தது.

மறுநாள் உறைபனி.
ஐந்தேகாலுக்கு இருட்டில் உட்கார்ந்து
விளக்கு அணையக் காத்திருந்து திருகினேன்.
அப்பிள்பியில் அறுநூறு ஆடுகள் காத்திருக்கின்றன.
ஒரு கையுறையைப் பல்லால் கழற்றி
அவருடைய வரிக்குக் கீழே, அதே பென்சிலால்:
நான்காம் முறை.