ஆறு நாள் சந்தை, ஏழு நாள் வாரம்

சக்புவோவிலிருந்து திங்கள்தோறும் ஒரு தாள் வரும்,
டிரைவரின் சட்டைப்பையில் நாலாய் மடிந்து,
வியர்வையில் ஒட்டி.
பிரித்து, எண்களைக் கணினியில் ஏற்றுவேன்.
காய்ச்சல் பதினொன்று. பேதி நான்கு. கழுத்து விறைப்பு பூஜ்யம்.
ஏற்றியபின் அந்தத் தாளோடு எனக்குப் பேச்சில்லை.

மாதக் கடைசியில் நானும் ஒரு தாள் அனுப்புவேன்,
முப்பத்திரண்டு நிலையங்களுக்கும் ஒரே தாள்.
பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள்.
வண்ண மை தீர்ந்த மாதங்களில்
மூன்றும் சாம்பல்.
தலைப்பு மட்டும் தடித்த எழுத்தில்: பின்னூட்டம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை சக்புவோ சிவக்கும்.
நோயாளிகள் திடீரென்று இரட்டிப்பாவார்கள்,
அடுத்த வாரமே ஒன்றும் நடக்காததுபோல் பாதியாவார்கள்.
எழுதினேன்: "தரவில் ஒழுங்கில்லை. கவனமாக எண்ணவும்."
அந்த வரியை எழுதியபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது.
மறைப்பதற்கில்லை.

பதில் வந்தது, என் தாளின் முதுகிலேயே,
நீல மையில், நர்ஸ் பிபியானா குவீரேயின் கையெழுத்தில்:

"ஐயா, இங்கே ஆறு நாளைக்கு ஒருதரம் சந்தை.
உங்கள் வாரத்துக்கு ஏழு நாள்.
சந்தைக்கு வரும்போதுதான் பிள்ளையைக் காட்ட வருகிறார்கள்.
ஷியா வெண்ணெய் விற்ற காசு அன்றுதான் கையில் இருக்கும்.
சில வாரத்துக்குள் இரண்டு சந்தை விழுந்துவிடுகிறது.
நான் சரியாகத்தான் எண்ணுகிறேன்.
நீங்களும் விரல் விட்டுப் பாருங்கள்."

விட்டுப் பார்த்தேன்.
திங்கள் கூடினால் ஞாயிறு மறுபடி கூடும்.
நான் பித்தோ குடிக்கப் போகிற சந்தையும்
அதே ஆறு நாள் கணக்குதான்.

அடியில், இடமில்லாமல் நெருக்கிய எழுத்தில், இன்னொன்று:
"பிப்ரவரியில் ஒரு பையனின் முதுகுத்தண்டு நீர் அனுப்பினேனே,
அது என்ன ஆயிற்று?
அவன் அப்பா இன்னும் கேட்கிறார்.
அதற்குப் பிறகும் நாலு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்."

கோப்பில் இருந்தன. ஐந்து சீட்டும்.
ஐந்திலும் தமாலே ஆய்வகத்தின் ஒரே வரி:
குளிரில் இருந்த பாட்டில். கிருமி வளரவில்லை.

ஹர்மத்தான் புழுதி ஊரை மூடிய நாட்களில்
அந்த நீரை அவள் தடுப்பூசிகளுக்குப் பக்கத்தில்,
இருக்கிற ஒரே சோலார் பெட்டிக்குள்,
தனக்குத் தெரிந்த பத்திரமான இடத்தில்
வைத்துக் காத்திருக்கிறாள்.
இந்தக் கிருமிக்குக் குளிர் ஆகாது.
முதல் சீட்டு வந்த அன்றே
ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால்
இரண்டாம் பாட்டில் பிழைத்திருக்கும்.
மூன்றாவது.
நான்காவது.

"தங்கள் உழைப்பு பாராட்டுக்குரியது" என்று தொடங்கிக்
கிழித்தேன்.
"தவறு நேர்ந்துள்ளது" என்று தொடங்கி,
யாருடையது என்று எழுத வராமல்
அதையும்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
"பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.
துணியில் சுற்றி, வெயில் படாமல், அறையிலேயே.
முடிந்தால் அன்றைக்கே அனுப்புங்கள்.
முதல் சீட்டு மார்ச்சிலிருந்து என்னிடம் கிடந்தது.
பையனின் அப்பாவிடம், தெரியாமலே போயிற்று என்று சொல்லுங்கள்.
என் பெயரையும் சொல்லுங்கள்."

அவள் சொன்னாளா, தெரியாது.
நான் கேட்கவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு பாட்டில் வந்தது,
பூப்போட்ட தலைத்துணிக் கிழிசலில் சுற்றி,
டிரைவரின் மடியில்,
இட்ட சூடு ஆறாத முட்டைபோல.

நாலாம் நாள் ஆய்வகம் அழைத்தது.
வைத்த கையோடு அவளை அழைத்தேன்.
பின்னால் ஆடுகள், பேரம், ஒலிபெருக்கி.
"இன்று சந்தை! கேட்கவில்லை! உரக்கச் சொல்லுங்கள்!"

எழுந்து நின்று கிருமியின் பெயரைக் கத்தினேன்.
கணக்குப் பிரிவு முழுதும் திரும்பிப் பார்த்தது.

"இருங்கள், பேனா எடுக்கிறேன்" என்றாள்.
"எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்."

சொன்னேன்.