ஔ

கண்ணால் எழுதும் பெட்டிக்குள் பேய் புகுந்துவிட்டதென்று
டாண்டினோங்கிலிருந்து தொலைபேசி.
போனேன். ஜூலை மழை,
நாலு மணிக்கே விளக்குப் போட்டிருந்த வீடு.
சக்கர நாற்காலியில் குணரத்தினம்.
கழுத்துக்குக் கீழே எல்லாம் ஓய்ந்து
கண்கள் இரண்டும் மட்டும்
இன்னும் வேலைக்குப் போய்வருகின்றன.

"பாருங்கோ பிள்ளை," என்றார் யோகேஸ்வரி,
"ஒரு வசனம் முடிய முன்னம் ஔ ஔ ஔ.
நேற்று தண்ணி எண்டு எழுத வெளிக்கிட்டு
நடுவிலை பதினேழு ஔ.
நாள் முழுக்க உந்தத் திரையைத்தான் முழிசிக்கொண்டிருக்கிறார்.
என்னை எங்கை பார்க்கிறார்?"
கேத்தில் கொதித்தது. எழும்பிப் போனார்.

பதிவேட்டைத் திறந்தேன்.
எந்த எழுத்தில் எத்தனை நொடி கண் தரித்ததென்று
பெட்டி எதையும் மறப்பதில்லை.
அகரத்தில் அரை நொடி. ககரத்தில் அரை நொடி.
ஔவில் மட்டும் நாலு, ஒன்பது,
செவ்வாய் காலை இருபத்திரண்டு.
தமிழில் யாருக்கு வேண்டும் இவ்வளவு ஔ?

கமெராவைத் துடைத்தேன். அளவு திருத்தினேன்.
பிறகு கையேட்டில் இல்லாத ஒரு வேலை:
நாற்காலியருகே முழங்காலிட்டு
அவர் கண் மட்டத்திலிருந்து பார்த்தேன்.

மேல் வரிசை, வலது மூலை, ஔ.
அதற்கு ஒரு விரற்கடை அப்பால்
திரை முடிகிற இடத்தில் குசினி வாசல்.
வாசலில் பாதி முதுகும் ஒரு முழங்கையுமாய்
யோகேஸ்வரி, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு.

விளிம்பு தாண்டும் பார்வையைப் பிடித்து
பக்கத்து எழுத்தில் ஒட்டிவிடுகிறது பெட்டி.
பார்த்தால் வேண்டும் என்று பொருள், அதற்கு.
சும்மா பார்த்தல் என்றொரு வினை
அதன் இலக்கணத்தில் இல்லை.

திரும்பினேன்.
அவர் எழுதிக்கொண்டிருந்தார்:
சொ
ல்
லா
ஔஔ
தை

ஔவை எடுத்துவிட்டேன்.
அந்த மூலையில் இப்போது
எதையும் எழுதாத ஒரு கட்டம்,
எவ்வளவு நேரமும் தங்கலாம்.
ஔடதம் என்று எழுத நேர்ந்தால்
மருந்து என்று எழுதட்டும்.

"என்ன பிழையாம் பிள்ளை?"
"கண்ணாடியிலை வெயில் பட்டிருக்கு அக்கா."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.
வெளியே மழை.
அவரைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் கோப்பையை என்னிடம் நீட்டினார்.
சீனி கூடிப்போயிருந்தது.